நிற்காமல் போகிறது

'நிக்கலை' என்று என் மாமியார் சொன்னால் அது என்னைப் பற்றிய பேச்சு. நான் சொன்னால் அது கக்கூஸைப் பற்றியது. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எங்கள் குடும்பத்தில் இந்த ஒரு சொல்தான் இரண்டு வேலையும் பார்த்தது.

மாமியார் ஊர் படாளம். அங்கிருந்து மதுராந்தகம் வரைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "மருமகளுக்கு விசேஷம் உண்டா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். "உண்டாவுது, நிக்க மாட்டேங்குது" என்பார் அவர். பக்கத்திலேயே நான் சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தில் போயிருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. உண்மையை அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது முறை உண்டானபோது நாங்கள் கடலோரத்தில் இருந்தோம். மாமல்லபுரத்திலிருந்து கோவளம் போகிற சாலையில், சவுக்குத் தோப்பை வெட்டி மணலை நிரவி, என் கணவருடைய அலுவலகம் குவார்ட்டர்ஸ் கட்டியிருந்தது. ஒரு ப்ளாக்குக்கு நான்கு வீடு. நான்குக்கும் சேர்த்து மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. காலையில் ஒரு தடவை மோட்டார் போட்டு அதை நிரப்புவார்கள். அன்றைக்கு அவ்வளவுதான் தண்ணீர். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஃப்ளஷ் அவுட் கக்கூஸ்! திருநெல்வேலிப் பக்கம் கொல்லைக்கோடிக்கு வாளி தூக்கி வளர்ந்தவள் நான். சங்கிலியை இழுத்தால் தலைக்கு மேலே இருக்கிற இரும்புத் தொட்டியிலிருந்து தண்ணீர் தடதடவென்று கொட்டுவதைப் பார்த்து முதல் வாரம் பூரித்துப் போனேன். வந்த விருந்தாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய் இழுத்துக் காட்டினேன். இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

வைகாசி பிறந்த சமயம் அந்தக் கக்கூஸ் ஓட ஆரம்பித்தது. ஓடுவது என்றால் கொட்டுவது இல்லை. மேலே தொட்டிக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். கீழே பீங்கானில் மெல்லிசாக, ஓயாமல் வழிகிற தண்ணீர். யாரோ குழாயைச் சரியாக மூடவில்லை என்று வீடெல்லாம் குழாய் குழாயாகத் திருகிப் பார்த்தேன். எங்கே போனாலும் அந்தச் சத்தம் கூட வந்தது. அடுப்படியில் கேட்டது, பூஜை மாடத்தின் முன்னால் கேட்டது, கண்ணை மூடினால் இன்னும் நன்றாகக் கேட்டது. பத்து மணிக்கெல்லாம் மொட்டை மாடித் தொட்டி காலியானது.

மாடி வீட்டம்மா படியிறங்கி வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாங்க இது, எங்க வூட்டுக் கொழந்தைங்க குடிக்கத் தண்ணி இல்ல, உங்க வூட்டு கக்கூஸ் நாள் பூரா குடிச்சிக்கினே கீது?"

ரிப்பேர் ஆபீசில் சொல்லியிருக்கிறோம், ஆள் வருவார் என்றேன். ஆள் வரவில்லை. கொஞ்ச நாளில் அவள் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். படியில் எதிரே வந்தால் என் வயிற்றை ஒரு தரம் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் வராவிட்டால் போகட்டும், நாமே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். ஸ்டூலில் ஏற என் கணவர் விடமாட்டார். ஆகவே அவர் ஏறினார். நான் கீழே டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டியின் மூடியைத் தூக்கியதும் துருவும் ஒரு பல்லியும் சேர்ந்து விழுந்தன.

"என்ன தெரியுது?" என்றேன்.

"தண்ணி தெரியுது."

அவர் ஆபீசில் பெரிய பெரிய படங்களை விரித்துவைத்து வேலை பார்க்கிறவர். வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூட யோசிப்பார். குவார்ட்டர்ஸ் சொத்து, உடைந்தால் மேலிடத்தில் கேள்வி வரும் என்பதுதான் அவருடைய முதல் கவலையும் கடைசிக் கவலையும். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். ஒரு பக்கம் குழாய் வருகிறது. அதன் வாயில் ஒரு பித்தளை வால்வு. வால்விலிருந்து நீளமாக ஒரு கம்பி, கம்பி முனையில் தாமிரத்தில் ஒரு பந்து. தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து மேலே வரவேண்டும். கம்பியும் கூடவே ஏறி வால்வை அடைக்கவேண்டும். கேட்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

"பந்து மிதக்குதா?"

"பாதி முழுகிக் கெடக்கு."

"கம்பியக் கையால தூக்குங்க."

"ஒடிஞ்சிட்டா?"

"ஒடிஞ்சா ஒடியட்டும். தூக்குங்க."

தூக்கினார். சீறல் நின்றது. வீடு அப்படியே அடங்கிப்போனது. ஜன்னலுக்கு வெளியே கடல் சத்தம் கேட்டது. இத்தனை நாள் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கையை விட்டார். மறுபடி 'ஸ்ஸ்ஸ்'.

கையால் தூக்கினால் நிற்கிறது என்றால் வால்வில் குறையில்லை, உள்ளே இருக்கிற வாசரும் தேயவில்லை. கோளாறு பந்தில். அதைக் கழற்றி வாங்கிக் காதோரம் வைத்து, தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல ஆட்டினேன். களக் களக் என்றது. தேங்காய் அப்படிச் சொன்னால் சந்தோஷம். பந்து சொல்லக்கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்த பந்து எப்படி மிதக்கும்? இரண்டு பாதியையும் ஒட்டியிருந்த இடத்தில் பச்சை பூத்து, குண்டூசி முனையளவு ஓட்டை. அந்த உப்புக் காற்றில் எது பிழைத்தது? ஜன்னல் கொக்கி, சைக்கிள் கம்பி, என் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு, எல்லாம் அரித்துப்போயின.

தண்ணீரை உதறி எடுத்து, பந்தை வெயிலில் காயவைத்து, ஓட்டையில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினேன். கொஞ்ச நாள் நின்றது. பிறகு மெழுகு பெயர்ந்துவிட்டது. அவர் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு புதுப் பந்து வாங்கி வந்தார். மரை சேரவில்லை. திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு அதை அலமாரியில் வைத்தார். அது அங்கேயே பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கடைசியில் நான் கம்பியில் சணல் கயிற்றைக் கட்டி, ஜன்னல் கம்பியில் இழுத்து முடிச்சுப் போட்டேன். கட்டியிருந்தால் தண்ணீர் வராது. வேண்டும்போது அவிழ்க்கவேண்டும், தொட்டி நிரம்பியதும் மறுபடி கட்டவேண்டும். அவர் அவிழ்ப்பார், கட்ட மறந்துபோவார். அவர் மறக்காத நாளில் ஈரத்தில் இற்றுப்போன கயிறு தானாக அறுந்துவிடும்.

ரிப்பேர் ஆபீசுக்குச் சொல்ல குவார்ட்டர்ஸ் கேட்டில் இருந்த ஒரே போனைத்தான் பிடிக்கவேண்டும். அடிக்கடி போய் நிற்பேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே வாட்ச்மேன் கேட்பான், "இன்னாம்மா, இன்னும் நிக்கலியா?" பிறகு போனைச் சுழற்றி, "அதே வூடுதாம்பா. கக்கூஸ் நிக்காம போய்கினே கீது. சீக்கிரம் வரச் சொல்லு அவர" என்பான். 'பந்து ஸ்டாக்கில் இல்லை' என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான்.

மூன்றாம் மாதம் தாண்டியது. நான்காவதும் தாண்டியது. மாமியார் வந்து பார்த்து, "இது நிக்கும்போல கீது" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே ஆசீர்வாதம். அன்று முதல் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது. இந்தத் தண்ணீர் நின்றால் இந்தக் குழந்தையும் நின்றுவிடும். பிறப்பதற்குள் இந்தச் சீறல் அடங்கவேண்டும். குழந்தை தூங்குகிற வீட்டில் கடல் சத்தம் மட்டும்தான் கேட்கவேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. கயிற்றைக் கட்டும்போதெல்லாம் ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டேன். அசைய ஆரம்பித்த பிறகு, கக்கூஸ் சத்தம் பெரிதாகக் கேட்கும்போது வயிற்றில் கையை வைத்து, "அத நீ கேக்காத" என்று சொல்வேன்.

ஏழாம் மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. மொட்டை மாடித் தொட்டி காலியானால் எல்லாரும் சவுக்குத் தோப்புக்குள் இருந்த மணல் கிணற்றுக்குத்தான் போவோம். மழையில் அந்தத் தண்ணீர் பழுப்பாக இருந்தது. துணியில் வடிகட்டி, காய்ச்சித்தான் குடித்தேன். அது போதவில்லையோ, அதனால் இல்லையோ, எனக்குத் தெரியாது. டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் என் மனசுக்கு இன்றைக்கும் ஒரே கணக்குதான்: அந்தப் பந்து மிதந்திருந்தால் நான் கிணற்றுக்குப் போயிருக்கமாட்டேன்.

அன்று அவர் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போன பிறகு எனக்கு வயிறு கலக்கியது. முதலில் சாதாரணமாகத்தான் நினைத்தேன். போய்விட்டு வந்து உட்காருவதற்குள் மறுபடி. பிறகு உட்காரவும் முடியவில்லை. வெறும் தண்ணீராகப் போயிற்று. கயிறு அறுந்து கிடந்தது. மேலே தொட்டி சீறி, நின்று, வெறும் காற்றை இழுத்தது. நான்கு வீட்டுத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டது. கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். அங்கே பூட்டு தொங்கியது. பக்கத்து வீடு காலியாகக் கிடந்தது. இன்னொரு வீட்டார் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். ஆடுசதை பிடித்து இழுத்தது. வயிற்றுக்குள் குழந்தை ஒரு தரம் புரண்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வழக்கமாக வருகிற அம்மா அப்போது வந்தாள்.

"இன்னாம்மா இது, மூஞ்செல்லாம் இப்டி வெளுத்துக் கீது?" என்று கூடையை இறக்கினாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பேதி என்பது நோயின் பெயர் இல்லை, வசவு. 'பேதியில போவான்' என்று ஒருவனைச் சொன்னால் அவன் குடும்பமே அழியட்டும் என்று அர்த்தம். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் நாக்கில் வைத்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் சொல்லவே கூடாது. இன்னொன்று, புருஷன் பேரையும் சொல்லக்கூடாது. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்து வளர்க்கப்பட்டவள் நான். ஆகவே, எழுந்திருக்க முடியாமல் தரையில் கிடந்தபோதும், மரியாதையாக, எங்கள் வீட்டில் சொல்கிற மாதிரிதான் சொன்னேன்.

"கேட்டுல போய் சொல்லுங்க. அவருக்கு போன் பண்ணச் சொல்லுங்க. கக்கூஸ் நிக்காமப் போகுது, உடனே வரணும்னு."

"தோ, இப்பவே போறேம்மா" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் சாலையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "சொல்ட்டேம்மா! போன் போட்டுட்டாரு! உடனே வர்றாங்களாம்!" மாமல்லபுரம் பஸ் வந்துவிட்டது, அவளுக்கும் மீன் கெட்டுப்போகும். ஏறிப் போய்விட்டாள்.

நான் நிம்மதியாகப் படுத்தேன். அவர் வந்துகொண்டிருக்கிறார், ஆபீஸ் ஜீப்பில் வருவார், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று படுத்துக்கொண்டு, வயிற்றில் கையை வைத்து, "அப்பா வர்றாங்க" என்று சொன்னேன். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி நடு வீட்டுக்கு வந்தது. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வாசலில் எந்தச் சத்தம் கேட்டாலும் ஜீப் என்று நினைத்தேன்.

சைக்கிள் மணி கேட்டது.

காக்கி அரைக்கால் சட்டையும் தோளில் சாக்குப்பையுமாக ஒரு ஆள் நிலைப்படியில் நின்றார். மாதக்கணக்காக நான் கேட்டும் வராத அந்த ஆள். முகமெல்லாம் சிரிப்பு.

"யம்மா, கக்கூஸ் நிக்காம போவுது, அர்ஜென்டுன்னு கேட்டுலேர்ந்து போன் வந்துச்சு. உங்க நல்ல நேரம், இன்னிக்குக் காலையிலதான் பந்து வந்துச்சு."

பையிலிருந்து புதுத் தாமிரப் பந்தை எடுத்து என்னிடம் காட்டினார்.

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. சிரித்தேன் என்று நினைக்கிறேன், சத்தம் வரவில்லை. "ஆஸ்பத்திரி" என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அந்த ஆள், வெளி வெயிலிலிருந்து வந்த கண் பழகி, என்னையும் என் வயிற்றையும் நான் கிடந்த இடத்தையும் பார்த்தார். "ஐயோ, இன்னாம்மா இது" என்று பையை அப்படியே போட்டுவிட்டு கேட்டுக்குச் சைக்கிளில் பறந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாட்ச்மேன் மேலும் இல்லை. அந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் வந்தால் 'அவர்' என்பது யார் என்று அவனுக்கு மாதக்கணக்காகத் தெரியுமே. கோபப்பட ஒரு ஆள்கூட மிஞ்சாததுதான் என்னைக் கொன்றது.

என் கணவர் ஜீப்பில் வந்தபோது சாயந்திரம் ஆகிவிட்டது. மாமல்லபுரம் தாண்டித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. அவர் மடியில் என் தலை. ஒவ்வொரு பள்ளத்திலும், "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார். நான் அசைவைத் தேடிக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் உடனே கையில் ஊசியைக் குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். டாக்டரம்மா குழலை வயிற்றில் வைத்தாள், இடம் மாற்றி வைத்தாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டு அவளையும் கேட்கச் சொன்னாள்.

"துடிப்பு நின்னுடுச்சும்மா" என்றாள்.

பெண் குழந்தை. நிறைய முடி. அவர் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

ஊருக்குப் போய் இருந்துவிட்டு நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினபோது வீடு பெருக்கி, துடைத்து, சுத்தமாக இருந்தது. உள்ளே கால் வைத்ததும் ஏதோ தப்பாக இருப்பதுபோலத் தோன்றியது. என்னவென்று தெரியாமல் அறை அறையாக நடந்தேன். பிறகுதான் தெரிந்தது. சத்தம் இல்லை. பையை எடுக்கத் திரும்பி வந்த அந்த ஆள், வந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருந்தார். ஜன்னல் வழியாகக் கடல் சத்தம், நான் வேண்டிக்கொண்ட மாதிரியே, அது மட்டும் கேட்டது.

மாடி வீட்டம்மா இறங்கி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போகும்போது என்ன பேசுவது என்று தெரியாமல், "இப்பல்லாம் தண்ணி ராத்திரி வரைக்கும் நிக்குதுங்க" என்றாள். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மீன்கார அம்மாவும் வந்தாள். கூடையை இறக்காமல் நின்றாள். "நீ சொன்னத ஒரு எழுத்து மாத்தல தாயி. படிச்சவங்க பேச்சாச்சே, அப்டியே சொல்லணும்னு சொன்னேன். எங்க பேச்சுல, வவுத்தால போவுதுன்னு சொல்லியிருந்தா அந்தாளுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள். நான் அவளை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

கடைசியாக ஒரு நாள் காலையில் சைக்கிள் மணி. அந்த ரிப்பேர் ஆள். வீட்டுக்குள் வரவில்லை, சாலையில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், சக்கரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"யம்மா, நின்னுச்சா?"

அவர் கேட்டது எதை என்று எனக்குத் தெரியும்.

"நின்னுடுச்சு" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்ச் சங்கிலியை இழுத்தேன். தண்ணீர் தடதடவென்று கொட்டியது. பிறகு மேலே தொட்டி 'ஸ்ஸ்ஸ்' என்று நிரம்ப ஆரம்பித்தது. சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சத்தம் மெலிந்தது, இன்னும் மெலிந்தது, அடங்கப்போகிறது என்று தெரிந்தது. அது நிற்பதற்குள் மறுபடி சங்கிலியை இழுத்தேன்.